மூன்றரைக் கட்டை

கல்லூரியில் எனக்குச் சங்கீதம் ஆன்சிலரி. வாய் தவறி இதை யாரிடமாவது சொல்லிவிட்டால் அடுத்த வார்த்தை “அப்ப ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்பதுதான். மெயின் பாடம் வரலாறு. அதைச் சொன்னபோது ஒருத்தர்கூட “எங்கே, ஒரு கோட்டையைப் பிடிச்சுக் காட்டுங்க” என்று கேட்டதில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஆன்சிலரி என்றால் தெரியாது. அலைடு என்கிறார்கள், மைனர் என்கிறார்கள். எங்கள் காலத்தில் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீயில் மெயினும் அதற்குத் துணையாக ஆன்சிலரியும். ஆன்சிலரி முதல் இரண்டு வருஷத்தோடு முடிந்துவிடும். கல்யாண வீட்டில் மெயின் மாப்பிள்ளை என்றால் ஆன்சிலரி மாப்பிள்ளைத் தோழன். போட்டோவில் இருப்பான், அப்புறம் யாரும் தேடமாட்டார்கள்.

நானாக விரும்பி எடுத்ததும் இல்லை. 1985 ஜூன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அப்பாவும் நானும் மதுரைக்குப் போய்ச் சேரும்போதே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. (கல்லூரியின் பெயர் வேண்டாம். பெண்கள் கல்லூரி, அவ்வளவு போதும்.) பொருளியலும் அரசியலும் நிரம்பிவிட்டன. அலுவலகத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “ஹிஸ்டரிக்கு இனி மியூசிக் ஆன்சிலரிதான் இருக்கு. வேணுமா, வேணாமா?” என்றார். அப்பாவுக்கு உரக்கடை. எதையும் கிலோ கணக்கில்தான் யோசிப்பார். “அதுக்கும் மார்க்கு போடுவாங்கல்ல?” என்றார். “போடுவாங்க.” “அப்ப எழுதுங்க.”

வீட்டில் அப்பத்தாதான் விழுந்து விழுந்து சிரித்தாள். “பாட்டுப் படிக்கவா இம்புட்டுத் தூரம் போற? நான் ஒரு எழுத்துப் படிக்காமப் பாடிக்கிட்டுத் திரியலையா?” பருத்திக் காட்டில் களையெடுக்கும்போது அப்பத்தா பாட ஆரம்பித்தால் நாலு காட்டுக்குக் கேட்கும். கனத்த குரல். தூரத்திலிருந்து கேட்கிறவர்கள் ஆம்பளை பாடுவதாக நினைப்பார்கள். அவளும் டீக்கடை ரேடியோவும் பங்குனிப் பொங்கலுக்குக் கட்டுகிற குழாய் ரேடியோவும்தான் அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த சங்கீதம்.

இசை வகுப்பு சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே, மாடிக் கடைசி அறை. மற்ற வகுப்புகளுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று அங்கே தள்ளியிருந்தார்கள். பெஞ்சு கிடையாது, பாய். ஓரமாக ஒரு தம்புரா, ஓர் ஆர்மோனியம், துருத்தி ஓட்டையாகி பிளாஸ்திரி ஒட்டிய ஒரு சுருதிப் பெட்டி, பூட்டிய பீரோவுக்குள் ஒரு வீணை. நாங்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் எஸ்.எஸ். காலனியிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், ஐந்து வயதிலிருந்தே வீட்டில் பாட்டு வாத்தியார். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரப் பெண் ஒருத்தி, அவள் வீட்டில் பஜனை மடமே இருந்தது. மீதி ஆறு பேர் என்னைப் போல, பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தவர்கள்.

முதல் நாள் மிஸ் தம்புராவை மடியில் சாய்த்து மீட்டினார். பஞ்சமம், சாரணி, அநுசாரணி, மந்தரம் என்று நாலு தந்திகளையும் பெயர் சொல்லித் தட்டிக் காட்டினார். எனக்கு டங் டங் என்றுதான் கேட்டது. பிறகு தந்திகளைத் தாங்குகிற குதிரைமேல் தந்திக்கு அடியில் கிடந்த ஒரு துண்டு நூலை நகத்தால் கொஞ்சம் நகர்த்தினார். சாதாரண நூல்தான், அப்பா கடையில் சாக்குத் தைக்கிற நூல் மாதிரி. நகர்த்திக்கொண்டே தந்தியைத் தட்டினார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் வந்ததும் தந்தி திடீரென்று ஙொய்ய்ய் என்று உயிர் பிடித்துக்கொண்டது. மயிரிழை தாண்டினால் மறுபடியும் டங். “இதுக்குப் பேரு ஜீவா” என்றார் மிஸ். அந்த ஒரு நூலுக்காகவே ஆன்சிலரியை மாற்றித் தரச் சொல்லி மனு எழுதும் யோசனையை விட்டேன். ஹாஸ்டல் ரூம்மேட் எனக்காக எழுதி வைத்திருந்த மனு, பாவம், ரொம்ப நாள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

தியரி எனக்குப் பிடித்துவிட்டது. கணக்கு வாத்தியார்களைக் கண்டு பயந்து வரலாற்றுக்கு ஓடி வந்தவளுக்கு, சங்கீதத்துக்குள் இவ்வளவு கணக்கு இருப்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏழு தாளம், ஒவ்வொன்றிலும் ஜாதி என்று ஐந்து வகை, பெருக்கினால் 35. மிகச் சிறியது திஸ்ர ஜாதி ஏக தாளம், 3 அட்சரம், அதாவது மூன்று எண்ணிக்கை. மிகப் பெரியது சங்கீர்ண ஜாதி துருவ தாளம், 29 அட்சரம். இதைப் பெட்டி போட்டு எழுதினால் முழு மார்க். பாட வராதவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டிதான் கதி.

அப்புறம் மேளகர்த்தா. 72 தாய் ராகங்கள். ம என்கிற மத்தியமத்தில் இரண்டு வகை: முதல் 36-க்குச் சுத்த மத்தியமம், பிந்தைய 36-க்குப் பிரதி மத்தியமம். ஆறு ஆறாகப் பிரித்தால் பன்னிரண்டு சக்கரம். இந்து என்றால் சந்திரன், அதனால் ஒன்றாவது. நேத்திரம் என்றால் கண், இரண்டாவது. அக்னி மூன்று, வேதம் நாலு, பாணம் ஐந்து என்று போகும். நம்பரைச் சொன்னால் சுரங்களைச் சொல்லிவிடலாம், ஒரு பாட்டுக்கூடக் கேட்டிருக்க வேண்டியதில்லை. 22 என்றால் நாலாவது சக்கரத்தில் நாலாவது. சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கரகரப்பிரியா.

இந்தக் கரகரப்பிரியாவிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். ராகத்தின் பெயரிலேயே அதன் நம்பர் ஒளிந்திருக்கிறது, அதற்குக் கடபயாதி முறை என்று பெயர். முதல் இரண்டு எழுத்துக்கும் எண் போட்டுத் திருப்பிப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று. 51. திருப்பினால் 15. ஆரம்பப் பாடமான சரளி வரிசை பாடுகிற ராகம் பதினைந்தாவது மேளம், சரியாக வருகிறது. கீரவாணியில் கீ ஒன்று, ர இரண்டு, திருப்பினால் 21. மாடல் எக்ஸாமில் இதே தைரியத்தோடு கரகரப்பிரியாவுக்கும் போட்டேன். க ஒன்று, ர இரண்டு, திருப்பினால் 21. அடுத்தடுத்த வரியில் கீரவாணியும் 21, கரகரப்பிரியாவும் 21. மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “ஒரே வீட்டில் இரண்டு குடித்தனமா?”

தப்பு எங்கே என்று கேட்கப் போனேன். கணக்கு போட்டவர்கள் நாலு ககரம் இருக்கிற மொழியை வைத்துப் போட்டிருக்கிறார்கள். கரகரப்பிரியாவில் வருவது இரண்டாவது க. மூச்சு விட்டுச் சொல்கிற க. அதற்கு எண் இரண்டு. அதனால் 22. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவளுக்கு இருப்பதே ஒரு க. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வரவில்லை, வீட்டில் சுலோகம் சொல்லி வளர்ந்தவர்கள். சங்கராபரணத்திலும் இதே கதைதான். நம்பர் சரியாக வரவேண்டும் என்று அதற்கு முன்னால் ‘தீர’ என்று ஒட்டியிருக்கிறார்கள், ராகத்துக்கு இனிஷியல் போட்ட மாதிரி. கல்யாணிக்கு ‘மேச’, தோடிக்கு ‘ஹனும’. தீர என்பதில் வருவது நாலாவது த, எண் ஒன்பது, ஆகவே 29. நான் கண்ணுக்குத் தெரிந்த த-வுக்கு ஆறு போட்டு 26 என்று எழுதினேன். அந்த வீட்டில் ஏற்கெனவே சாருகேசி குடியிருந்தாள். கடைசியில் வழியில்லாமல் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்தேன். அந்த மனப்பாடம் இன்னும் போகவில்லை. பின்னால் கூட்டுறவு வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தபோது பித்தளை டோக்கனைக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல் ராகம் சொல்லும். “டோக்கன் நம்பர் 65!” கல்யாணி கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வருவார், ஓய்வூதியம் வாங்க.

பிராக்டிகல்தான் நரகம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று வரிசையாகப் பதினோரு பேரும் சேர்ந்து பாட வேண்டும். சுருதிப் பெட்டியில் ஐந்தரைக் கட்டை வைப்பார்கள். கட்டை என்பது ஸ-வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறோம் என்கிற அளவு, எண் கூடக் கூடக் குரலும் மேலே போக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரை என்பது ஏறக்குறைய சட்டம். எனக்கு மேல் ஸட்ஜம், அதாவது ஏழு சுரமும் ஏறி முடித்து மறுபடியும் வருகிற ஸ, எட்டவே எட்டாது. பஞ்சமம்வரை ஒழுங்காகப் போய், தைவதத்தில் இறுகி, நிஷாதத்தில் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, மேல் ஸ வரும்போது வெறும் காற்று. இரண்டு மாதத்தில் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். தைவதம்வரை பாடுவேன், அதற்கு மேலே வாயை மட்டும் திறப்பேன், கீழே இறங்கும்போது தைவதத்தில் வந்து சேர்ந்துகொள்வேன். பஸ் மேட்டில் ஏறும்போது இறங்கிக்கொண்டு சரிவில் மறுபடியும் ஏறிக்கொள்வது மாதிரி. பதினோரு பேரில் ஒருத்தி குறைவது தெரியாது. எனக்குக் குரல் இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து நிமிஷம், பதினோரு பேர், ஒரு சுருதிப் பெட்டி. ஒவ்வொருத்திக்கும் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தால் முதல் வருஷம் சரளி வரிசையிலேயே முடிந்திருக்கும். குருகுலத்தில் என்றால் முதல் வாரத்திலேயே குருவுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எந்தக் குருகுலத்தின் திண்ணையைத் தாண்டி என்னை உள்ளே விட்டிருப்பார்கள்? அருப்புக்கோட்டை உரக்கடைக்காரர் மகளிடம் “வீட்டில் யாராவது பாடுவார்களா” என்று கேட்காமல் சங்கீத வகுப்பில் பாய் போட்டு உட்கார வைத்தது அந்த அட்மிஷன் லிஸ்டுதான். வரலாறு படித்தவள் என்பதால் இந்த ஆராய்ச்சியும் கொஞ்சம் செய்து வைத்திருந்தேன். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது, மறு வருஷம் மியூசிக் அகாடமி வந்தது, 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை. ராணி மேரிக் கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி போன்றவர்கள் சங்கீதத்தை இப்படிப் பெட்டி பெட்டியாக, கேள்வி பதிலாக, பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி பிரித்து வைத்தார்கள். அந்தப் பெட்டிகளைக் கேலி செய்வது சுலபம். எனக்கு உள்ளே போகக் கிடைத்த வாசல் அதுதான்.

இன்னொரு வேடிக்கை. தமிழ் வகுப்பில் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதை வந்தபோது தமிழ் அம்மா, “இதுல குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு இசை பத்தி நிறைய வரும். பரீட்சைக்கு வராது. அது மியூசிக் டிபார்ட்மென்ட் விஷயம்” என்று நாலு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனார். அதே மாதம் இசை வகுப்பில் பழந்தமிழ் இசை என்று ஒரு தலைப்பு. மிஸ் ஏழு சுரங்களின் தமிழ்ப் பெயரை எழுதிப் போட்டுவிட்டு, “மத்ததெல்லாம் உங்க தமிழ்ல நடத்துவாங்க” என்றார். இளங்கோவடிகள் இரண்டு டிபார்ட்மென்டுக்கும் நடுவில் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். இதைச் சொன்னால் இரண்டு பேரும் கோபித்துக்கொள்வார்கள் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

வராந்தாவில் நிற்கிறவர்களை ஒரே ஒரு தடவைதான் ஒன்றாகப் பார்த்தேன். அது எந்த வகுப்பிலும் இல்லை, குடுமியான்மலையில்.

இரண்டாம் வருஷம் ஹிஸ்டரி டூர். ஒரே நாளில் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை. மத்தியானம் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு குடுமியான்மலைக்குப் போனபோது பாதிப் பேருக்குத் தூக்கம். புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். பெரிய கோயிலில் ஆளுயரச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் மலையைக் குடைந்த மேலைக்கோயிலுக்குப் போனோம். அதை ஒட்டிய பாறையில்தான் அந்தக் கல்வெட்டு. வரி வரியாக, கட்டம் போட்ட நோட்டில் எழுதின மாதிரி அவ்வளவு ஒழுங்கு. எழுத்து கிரந்தம். எங்களில் ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. சார்தான் விரல் வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்வெட்டு என்றால் நிலதானம், வரி விலக்கு, ‘இதை அழித்தவன் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்’ என்று இருக்கும். இதில் சுரம். பாறை முழுக்கச் சுரம். நாலு நாலாகக் கட்டிய சுரக் கோவைகள், ஏழு பகுதிகளாக. எங்கள் நோட்டில் நாங்கள் ஜண்டை வரிசை எழுதி வைத்திருப்பது போலவே.

“மியூசிக் ஆன்சிலரி யார் யாரு?” என்றார் சார். இரண்டு பேர் கை தூக்கினோம். “ரி-ன்னு ஒண்ணுதானே நீங்க பாடுறது? இங்க பாருங்க. ர, ரி, ரு, ரெ. ஒவ்வொரு சுரத்துக்கும் இப்படி உயிரெழுத்து மாறுது. ஏன்?” எங்களுக்கு எங்கே தெரியும். அந்த மாறுதல் எதைக் குறிக்கிறது என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அப்போது அவமானமாக இருந்தது.

7-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றார். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்று வழக்கமாகச் சொல்வார்கள், அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு என்றார். கல்வெட்டில் பெயர் இல்லை. ருத்ராச்சாரியாரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணாக்கர் நலனுக்காகச் செய்தது என்று மட்டும் இருக்கிறது. மாணாக்கர் நலனுக்காக! எங்களுக்கு சைக்ளோஸ்டைல் நோட்ஸ் கொடுக்கிறபோது மிஸ்ஸும் ஏறக்குறைய அதைத்தான் சொல்வார், “ஸ்டூடன்ட்ஸ் பெனிஃபிட்டுக்கு” என்று. அந்த நோட்ஸ் மை இழுவிப் பாதி எழுத்து தெரியாது. இவர் பாறையிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடியில் தமிழில் ஒரு வரி, சார் சொன்னதும் அதை மட்டும் நானே வாசித்த மாதிரி ஒரு நினைப்பு: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய.’ தந்திகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது என்பார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைக்குக் கிட்டத்தில் போய் உள்ளுக்குள்ளேயே ஸ ரி க ம என்று முணுமுணுத்துப் பார்த்தேன். ஐந்தரைக் கட்டையில் இல்லை. சுருதிப் பெட்டி கூட இல்லாததால் வாய்க்கு வந்த இடத்தில். நன்றாகத்தான் இருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை, டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

1987 ஏப்ரல், பிராக்டிகல் பரீட்சை. வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். வயதான அம்மா, சுங்குடிச் சேலை, முகத்தில் சிரிப்பே கிடையாது. முன்வரிசைப் பெண்கள் உள்ளே போய் வர்ணம், கீர்த்தனை என்று கொட்டி முழக்கிவிட்டு வெளியே வந்து “ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுடி” என்று கண்ணை உருட்டினார்கள். என் முறை. சுருதிப் பெட்டி ஐந்தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மோகன ராக வர்ணம் ஆரம்பித்தேன். மோகனத்தில் ம-வும் நி-யும் கிடையாது, தைவதத்திலிருந்து நேரே மேல் ஸட்ஜத்துக்குத் தாவ வேண்டும். கூட்டத்தில் வாயைத் திறந்து மூடுகிற வித்தை தனியாளாக உட்கார்ந்திருக்கும்போது பலிக்காது. தாவினேன். குரல் உடைந்தது. மறுபடியும் தாவினேன். கோழி கூவின மாதிரி ஒரு சத்தம்.

எக்ஸாமினர் கையைக் காட்டினார். மிஸ் சுருதிப் பெட்டியை நிறுத்தினார்.

“உன் கட்டை என்னம்மா?”

இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் கட்டை என்று ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஐந்தரை என்று சொன்னால் உதைக்கும். அதைவிடக் கீழே ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று, “மூன்றரை” என்றேன்.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. “தியரியில் பாஸ் பண்ணிட்டியா நீ? மூன்றரைன்னு ஒரு கட்டையே கிடையாதே!”

கிடையாதுதான். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் ஏழு. இடையில் இருக்கிற கறுப்புக் கட்டைகள்தான் அரைகள். ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவில் கறுப்பு இல்லை, ஏழுக்கு அப்புறமும் இல்லை. அந்த இரண்டு இடத்திலும் தூரமே அரைதான், இன்னோர் அரைக்கு இடம் எங்கே? இதைப் படம் போட்டு நானே எழுதியிருக்கிறேன். “மூன்றரையும் கிடையாது, ஏழரையும் கிடையாது. ஏழரை சனீஸ்வரனுக்கு மட்டும்தான்” என்றார் அந்த அம்மா. மிஸ்ஸுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பிறகு ஆர்மோனியத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஐந்து வைத்தார், “ஸா சொல்லு” என்றார். நாலரை. ஸா. நாலு வைத்து, கூடவே பஞ்சமத்தையும் அழுத்திக்கொண்டு, “ஸா” என்றார். சொன்னேன். தம்புராவில் அந்த நூலை நகர்த்திக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் ஙொய்ய் என்று பிடித்ததே, அது தொண்டைக்குள் நடந்தது. என் குரல் எங்கே முடிகிறது, ஆர்மோனியம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே பிரித்துத் தெரியவில்லை. “இப்பப் பாடு.” பாடினேன். மேல் ஸட்ஜம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

இத்தோடு கதை இனிப்பாக முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் தொட்ட சந்தோஷத்தில் தாளத்தை விட்டுவிட்டேன். ஆதி தாளம், எட்டே எட்டு எண்ணிக்கை, சுண்டு விரலா மோதிர விரலா என்று குழம்பி அடுத்த ஆவர்த்தம், அதாவது தாளத்தின் அடுத்த சுற்று, எங்கே எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். பாஸ் மார்க்கைவிட ஏழு கூடக் கிடைத்தது. தியரியில் மட்டும் வகுப்பிலேயே இரண்டாவது மார்க். 35 தாளத்துக்கும் பெட்டி போட்டுக் காண்பித்தவளுக்கு ஒரு தாளம் போட வரவில்லை என்று ரூம்மேட் ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் வருஷம் ஆன்சிலரி கிடையாது. அந்த மாடிக்கு அப்புறம் போகவே இல்லை.

பாட்டு தொடரவில்லை. கல்யாணம், வங்கி, பிள்ளைகள். ஆனால் காது மட்டும் திரும்ப மூடிக்கொள்ளவில்லை. கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பந்திக்கு ஓடும்போது நாகஸ்வரக்காரர் கரகரப்பிரியாவை எடுத்தால் (இருபத்திரண்டு, இருபத்திரண்டு) எனக்கு இலை போடுகிறவர்களைக் காக்க வைக்கத் தோன்றும். மிக்ஸி ஓடினால் அது எந்தக் கட்டை என்று கை வேலையை நிறுத்திக் கேட்பேன். வீட்டில் இதற்கு எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, இங்கே எழுதுவதாக இல்லை.

போன மாதம் ஒரு கேசட் கிடைத்தது. 1991-இல் சித்தப்பா பம்பாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் அப்பத்தாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தது. களையெடுப்புப் பாட்டு ஒன்று, தாலாட்டு ஒன்று, நடுவில் “ஓடுதா இது?” என்று ஒரு கேள்வி, பின்னால் கோழிச் சத்தம். மகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். இப்போது போனிலேயே தம்புரா வந்துவிட்டதே, கட்டையை வைத்தால் நாள் முழுக்க மீட்டிக்கொண்டிருக்கும். வயதாகி என் குரலும் நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது. அப்பத்தா எந்தக் கட்டையில் பாடியிருக்கிறாள் என்று பார்க்க ஆசை.

மூன்று வைத்தேன். அப்பத்தா ஒரு மயிரிழை மேலே நின்றாள். நாலு வைத்தேன். கீழே நின்றாள். போன் தம்புராவில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலும் நகர்த்துகிற வசதி உண்டு. மூன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினேன், ஜீவா நூலை நகர்த்துகிற மாதிரி. சரியாக நடுவில், ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில், ஒட்டிக்கொண்டது.

மகனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். “அப்ப பேட்டரி இறங்கியிருக்கும்மா, டேப் வேற ஸ்பீடுல பதிஞ்சிருக்கும். அதான்” என்றான். இருக்கும். அப்பத்தா தாலாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.